ஒன்லைனுக்குக் காவல் கிடையாது: கதைத் திருட்டில் சட்டம் எதைப் பார்க்கிறது

1954 பிப்ரவரியில் டெல்லி வேவல் தியேட்டரில் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் மேடையேறியது. எழுதியவர் ஆர்.ஜி. ஆனந்த். தொழில் கட்டட வடிவமைப்பு, கூடவே நாடகம் எழுதுவதும் போடுவதும். டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குள் காதல், வேறு மாநிலத்துச் சம்பந்தமா என்று பெரியவர்கள் குதிக்கிறார்கள், இதுதான் கதை. நாடகம் நன்றாகப் போனது, பேச்சு பம்பாய் வரை எட்டியது, சினிமா இயக்குநர் மோகன் சேகலிடமிருந்து கடிதம் வந்தது, 1955 ஜனவரியில் அவரே டெல்லிக்கு வந்து உட்கார, ஆனந்த் நாடகம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. 1956-ல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வெளிவந்தது. பஞ்சாபிப் பையன் கிஷோர் குமார், தமிழ்ப் பெண் வைஜெயந்திமாலா, இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆனந்த் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றத்தில் தோற்றார், டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1978-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்.

நேரில் வாசித்துக் காட்டியது நடந்திருக்கிறது, கருவும் ஒன்றுபோல இருக்கிறது, பிறகு எப்படித் தோற்றார் என்று கேட்கத் தோன்றும். அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ளாமல் "என் கதையைத் திருடிட்டாங்க" என்று போஸ்ட் போடுவதில் பயன் இல்லை என்பதால்தான் அங்கிருந்து தொடங்கினேன். இந்தியாவில் கதைத் திருட்டு வழக்கு எது வந்தாலும், கோடம்பாக்கத்து வழக்கானாலும் சரி, வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

நீதிபதிகள் சொன்னதன் சாரம் இது. யோசனைக்கும், கருப்பொருளுக்கும், கதைக்கருவுக்கும், வரலாற்று அல்லது புராணச் செய்திக்கும் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. அந்த யோசனையை ஒருவர் எப்படிக் காட்சியாக, ஆளாக, பேச்சாக, வரிசையாக உருவாக்கி எழுதியிருக்கிறார் என்பதற்குத்தான் காப்புரிமை. நாடகம் கல்யாண விஷயத்தில் வரும் மாநில வெறியை மட்டும் பேசியது. படத்தில் நாயகன் வாடகைக்கு அறை கிடைக்காமல் தமிழன் என்று வேஷம் போடுகிறான், வரதட்சிணைக் கொடுமை வருகிறது, இன்னும் பல கிளைகள் இருக்கின்றன. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆள் 'இது அதனுடைய காப்பிதான்' என்று தயக்கமில்லாமல் சொல்வாரா என்பதே சோதனை, சொல்லமாட்டார், ஆகவே உரிமை மீறல் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆனந்த் மேல் பரிதாபம் உண்டு, ஆனால் விதி சரியான விதி என்றுதான் நினைக்கிறேன். 'பிரிந்துபோன அண்ணன் தம்பி கடைசியில் சேர்கிறார்கள்' என்பதை யாரோ ஒருவர் 1940-களில் தன் பெயரில் பதிந்து வைத்து, அதற்குக் காப்புரிமையும் உண்டு என்றால், தமிழ் சினிமாவில் பாதி வந்தே இருக்காது. நாம் எழுதுவதிலும் நமக்கு முன்னால் எழுதியவர்களின் கரு எத்தனை கலந்திருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, கரு எது, உருவாக்கம் எது? கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க நானே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். பத்திரம் எழுதும் ஒருவர், தன் குடும்பத்து நிலம் மோசடியாக விற்கப்பட்டதை ஒரு பழைய பத்திரத்திலிருந்து கண்டுபிடிக்கிறார். இது ஒன்லைன், ஒரே வரியில் சொல்லிவிடும் கதை. இதை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம், உங்களிடமிருந்தே கேட்டு எழுதினாலும் காப்புரிமைச் சட்டப்படி பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இப்போது அதை விரிக்கிறேன். அவருடைய அம்மாவுக்கு அரிசி மில் விபத்தில் வலது கை போய்விட்டது, அதன் பிறகு இடது கையால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள், அவள் போடும் 'ள' மட்டும் எப்போதும் கவிழ்ந்து விழும். விபத்துக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி போட்ட பத்திரத்தில், சாட்சிக் கையெழுத்தில், அதே கவிழ்ந்த 'ள' இருக்கிறது. மகன் அதைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் அம்மாவிடம் ஒரு தபால் ரசீதை நீட்டி "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்கிறான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, போட மறுக்கிறாள்.

இப்போது ஒரு படத்தில் அரிசி மில், இடது கை, கவிழ்ந்த எழுத்து, தபால் ரசீது, மறுக்கும் அம்மா எல்லாம் அதே வரிசையில் வந்தால் அது வேறு விஷயம். நில மோசடியைப் பற்றி ஆயிரம் பேர் யோசிக்கலாம், அந்த 'ள' ஆயிரம் பேருக்கு வராது. நீதிமன்றத்தில் பேசுவது அந்த 'ள' மாதிரி விஷயங்கள்தான். இதிலிருந்து வரும் முதல் பாதுகாப்பு சட்டத்தில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது. ஒன்லைனை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பவருக்குத் திருட்டுக் கொடுக்க மட்டுமே பொருள் இருக்கிறது, வழக்குப் போடப் பொருள் இல்லை. முழுதாக எழுதிய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவருக்கு இரண்டும் இருக்கிறது.

தமிழில் இரண்டு பெரிய சர்ச்சைகளை வைத்து இதைப் பார்க்கலாம். 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்'. ஒரு உதவி இயக்குநர் 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 'செங்கோல்' என்ற பெயரில் கதையைப் பதிந்து வைத்திருந்தார். நாயகனின் ஓட்டை வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான பொறி. அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் மூலக்கரு ஒன்றுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார், படத் தரப்பு திரைக்கதை முழுக்கத் தங்களுடையது என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் படம் வருவதற்குச் சில நாள் முன்பு சமரசம் ஆகி, டைட்டிலில் அந்த உதவி இயக்குநருக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள்.

வழக்கு கடைசிவரை நடந்து தீர்ப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனந்த் வழக்கின் அளவுகோலை வைத்தால் அந்த உதவி இயக்குநருக்கு அது சுலபமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அவருக்குக் கிடைத்தது சட்டத்தின் வெற்றி என்பதைவிட நேரத்தின் வெற்றி. பதினோரு வருஷத்துப் பழைய பதிவு கையில் இருந்தது, சங்கம் பக்கத்தில் நின்றது, ரிலீஸ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தியேட்டர் புக்கிங் முடிந்து கோடிகள் முடங்கிக் கிடக்கும் அந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் எதிர்த் தரப்பு உட்கார்ந்து பேசும். படம் வெளியாகி ஓடி முடிந்த பிறகு போனால் கதையே வேறு.

வேறு என்றால் எப்படி வேறு என்பதற்கு 'எந்திரன்'. ஆரூர் தமிழ்நாடன் எழுதிய 'ஜூகிபா' சிறுகதை 1996-ல் 'இனிய உதயம்' இதழில் வந்தது, படம் 2010-ல். எழுத்தாளர் சிவில் வழக்கும் போட்டார், எழும்பூர் கோர்ட்டில் குற்றவியல் புகாரும் கொடுத்தார். சிவில் வழக்கு 2023-ல் தள்ளுபடி ஆனது. அதோடு முடிந்தது என்று பார்த்தால், காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுக் குற்றம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருப்பதால், 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை உள்ளே வந்து இயக்குநர் ஷங்கரின் பத்துக் கோடி ரூபாய்க்குச் சற்று மேலான சொத்துகளை முடக்கியது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. 2010-ல் தொடங்கிய சண்டை 2025-லும் செய்தியில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையில் பதினைந்து வருஷம்.

காப்புரிமைக்கு வெளியே இன்னொரு வழி இருக்கிறது, நம் ஊரில் அதை அதிகம் பேர் பேசுவதில்லை. அது நம்பிக்கை மீறல். ஒரு விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புரிதலோடு நான் உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் அதை என்னைத் தாண்டிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதில் காப்புரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கே போகாமல் நீதிமன்றம் தடை விதிக்கலாம். 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், டிவியில் நிஜ சுயம்வரம் நடத்தும் யோசனையை ஒருவர் சேனலிடம் விளக்கியிருக்க, சேனல் தானே அதேபோல ஒரு நிகழ்ச்சியைத் தயாரிக்கப் போக, அவருக்குத் தற்காலிகத் தடை கிடைத்தது. அடுத்த வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜீ டிவிக்கு எதிராக சன்டயல் என்ற நிறுவனம் போட்ட வழக்கிலும் அதேதான், ஒரு பணக்காரக் கூட்டுக் குடும்பத்துக்குள் கண்ணன் குழந்தையாக வருகிறான் என்ற தொடர் யோசனை. கவனியுங்கள், இரண்டுமே ஆனந்த் வழக்கின் கணக்கில் வெறும் 'கான்செப்ட்'தான், ஆனாலும் ஜெயித்தார்கள். அந்த யோசனை வாய்ப்பேச்சாக நிற்காமல் தெளிவாக எழுதப்பட்டு, புதுமையோடு இருந்தது, யாரிடம் எப்போது எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரமும் இருந்தது.

கோடம்பாக்கத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். "வாங்க தம்பி, கதை சொல்லுங்க" என்கிறார்கள், இரண்டு மணி நேரம் நரேஷன், நடுவில் டீ, கடைசியில் "நல்லா இருக்கு, சொல்லி அனுப்புறேன்". ஆதாரம் என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அறையில் வேறு யார் யார் இருந்தார்கள் என்பதுகூட மறந்துபோகும். முதல் படத்துக்கு அலைகிறவர் 'ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்க' என்று தயாரிப்பாளரிடம் நீட்டினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அன்று ராத்திரி ஒரு மெயில் அனுப்புவதை யாரும் தடுக்க முடியாது. "சார், இன்று மாலை உங்கள் அலுவலகத்தில் நான் சொன்ன கதையின் நான்கு பக்கச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். படமாக எடுப்பது பற்றி நீங்கள் முடிவு செய்வதற்காக மட்டும், ரகசியமாகத் தருகிறேன். உங்கள் மேலாளரும் இணை இயக்குநரும் உடன் இருந்தார்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி." இவ்வளவுதான். மரியாதையாகவும் இருக்கிறது, தேதியும், ஆளும், கதையும், நிபந்தனையும் ஒரே இடத்தில் பதிந்தும் விட்டது. பதில் வந்தால் இன்னும் நல்லது, வராவிட்டாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனை மாற்றும்போது தொலையும், மெயில்தான் சரி.

மின்னணு ஆதாரம் என்றதும் ஒரு விஷயம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மெயில் போன்றவற்றை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது, அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடும், வரவேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் வக்கீல் தலையில் கை வைத்துக்கொள்வார். மூல மெயிலை, மூலக் கோப்பை, பழைய வரைவுகளை எல்லாம் அப்படியே வைத்திருங்கள். வரைவுகள் மிகவும் முக்கியம். கதை எப்படி வளர்ந்தது என்று காட்டுகிறவர் அதை எழுதியவர் என்று நம்புவது நீதிபதிக்குச் சுலபம்.

சத்யஜித் ராய்க்கே நடந்தது என்று அடிக்கடி சொல்லப்படும் 'தி ஏலியன்' கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்பீல்பெர்க் பகுதி அல்ல. 1967-ல் ராய் எழுதிய அந்தத் திரைக்கதையை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனவர், கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் கூட்டாளியாக இருந்த மைக் வில்சன். ராய் அமெரிக்கா போனபோது ஸ்கிரிப்டின் நகல்கள் அங்கே பலர் கையில் இருந்தன, முதல் பக்கத்தில் காப்புரிமை மைக் வில்சனுக்கும் சத்யஜித் ராய்க்கும் என்று அச்சிட்டிருந்தது. எழுதியது ஒருவர், உரிமை இருவருக்கு. படம் எடுக்கப்படவே இல்லை. 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் வந்தபோது, அமெரிக்கா முழுக்கச் சுற்றிய தன் ஸ்கிரிப்ட் நகல்கள் இல்லாமல் அது சாத்தியமாகியிருக்காது என்று ராய் சொன்னார், ஸ்பீல்பெர்க் மறுத்தார், யாரும் வழக்குக்குப் போகவில்லை. தெரியாத ஒருவர் களவாடுவதைவிட, கூடவே இருந்து 'நான் பார்த்துக்கிறேன்' என்கிறவர் முதல் பக்கத்தில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. நகல் கொடுக்கும் முன் முதல் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே காப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பது தவறு. 1957 காப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, அது ஓர் ஆதாரம் மட்டுமே, எதிர்த் தரப்பு பொய்யென்று நிரூபிக்கும் வரை நிற்கும் ஆதாரம். டெல்லி காப்புரிமை அலுவலகத்தில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்து பிறகு பரிசீலிப்பார்கள், ஸ்கிரிப்டும் இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் வரும். எழுத்தாளர் சங்கப் பதிவு சட்டத்தின் கீழ் வருவதல்ல, ஆனால் தேதிக்கு நல்ல சாட்சி, 'சர்கார்' விஷயத்தில் பார்த்தமாதிரி உள்ளேயே பஞ்சாயத்து பேசவும் உதவும். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைக்கும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. கெடுதல் இல்லை, ஆனால் பிரிக்காத உறைதானா என்ற கேள்விக்கே பாதி விசாரணை போய்விடும். அதைவிட 500 ரூபாய் கட்டிப் பதிவது மேல்.

எதைப் பதிவு செய்கிறோம் என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். பலர் அரைப் பக்கச் சுருக்கத்தைப் பதிந்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள், நாளைக்கு ஒப்பிட வேண்டி வந்தால் அந்த அரைப் பக்கத்தில் கரு மட்டும்தான் இருக்கும். தலைப்பை நம்பியும் பயன் இல்லை. 'தேசி பாய்ஸ்' என்ற தலைப்பு தன்னுடையது என்று ஒருவர் கொண்டுபோன வழக்கில், தலைப்புக்குக் காப்புரிமை இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டிஸ்கஷன் அறை தனிக் கதை. ஐந்தாறு பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஒரு திரைக்கதை உருவாகும், அதில் ஒரு உதவி இயக்குநர் சொன்ன இடைவேளைக் காட்சிதான் படத்தையே தூக்கி நிறுத்தும், டைட்டிலில் எழுத்து என்று ஒரே பெயர் வரும். இதில் சட்டம் இரக்கம் காட்டாது. இங்கிலாந்தில் ஸ்டீவ் டானஹ்யூ என்ற பிரபலமான குதிரைப் பந்தய ஜாக்கி தன் அனுபவங்களை ஒரு நிருபரிடம் சொல்ல, நிருபர் அதைக் கட்டுரைகளாக எழுதினார். 1937-ல் நீதிமன்றம், எழுத்தில் வடித்தவர் நிருபர், ஆகவே ஜாக்கிக்குக் காப்புரிமை இல்லை என்றது. தன் சொந்த வாழ்க்கைக்கே அந்தக் கதி என்றால் வாயால் சொன்ன காட்சிக்கு என்ன கிடைக்கும்? போதாக்குறைக்கு, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் அந்த வேலைக்காக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளிக்குத்தான் சொந்தம் என்பது காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லும் பொது விதி, படத்தில் சேர்ந்த எழுத்தில் எழுதியவரின் உரிமையை அது பாதிக்காது என்று 2012 திருத்தம் சொன்னாலும். அறையில் பேசியதை அன்றன்று எழுதி எல்லோருக்கும் மெயிலில் சுற்றுக்கு விடும் வேலையை ஏற்றுக்கொள்கிறவர் புத்திசாலி. யாரும் செய்ய விரும்பாத வேலை, பெயரோடு பதிவாகும் வேலை. சொந்தமாகப் படம் பண்ண வைத்திருக்கும் கதையை அந்த அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், முன்பே பதிந்திருந்தால் தவிர.

கையெழுத்துப் போடும் இடத்தில் இழப்பது திருட்டில் இழப்பதைவிட அதிகம் என்று நினைக்கிறேன். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்து வருஷம் என்றும், எந்த நிலப்பரப்பு என்று இல்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாத வரை, உரிமை காலாவதியாகும். சிறுகதையைப் படமாக்கக் கொடுத்துவிட்டு ஏழெட்டு வருஷமாக 'அது அவங்ககிட்ட மாட்டியிருக்கு' என்று புலம்புகிற எழுத்தாளர்கள் அந்தப் பழைய தாளை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம், மாட்டாமலேயே இருக்கலாம். 'உலகம் முழுதும், என்றென்றைக்கும், எல்லா ஊடகத்துக்கும்' என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தால் கஷ்டம்தான்.

கருவைப் பாதுகாக்க இவ்வளவு கவலைப்படுகிற நாம், சட்டம் முழு பலத்தோடு நிற்கிற இடத்தில் சும்மா இருக்கிறோம். உங்கள் சிறுகதையை வரிக்கு வரி வாசித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள், விளம்பர வருமானம் அவர்களுக்கு, சில சமயம் உங்கள் பெயர்கூட இல்லை. நாவலை ஸ்கேன் செய்து டெலிகிராமில் பிடிஎஃப் விடுகிறார்கள். இங்கே கருவா உருவாக்கமா என்ற வாதமே எழாது, எடுத்தது உங்கள் வரிகளையே. தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், 2013 காப்புரிமை விதிகளின் 75-ஆவது விதிப்படி அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். யூடியூபுக்கு அதன் சொந்தப் படிவமும் இருக்கிறது, பெரும்பாலும் கோர்ட் வரை போகவே தேவையிருக்காது. கதை முதலில் வெளியான இதழின் பக்கம், தேதி, அந்த வீடியோவின் இணைப்பு, இது என்னுடையது என்று உங்கள் முழுப் பெயரோடு இரண்டு வரி, இவற்றை இணைத்து அனுப்புங்கள். "நம்ம கதை நாலு பேரைச் சேருதே, போகட்டும்" என்று விடுவதாக இருந்தாலும் சரி, அது உங்கள் இஷ்டம், ஆனால் விடுவது நீங்களாக இருக்கட்டும், அனுமதி கேட்டு ஒரு மெயிலாவது வரட்டும்.